இரண்டு புட்டிகள், இரண்டு ஆயுட்கணக்குகள்: இருகரைசல் டெவலப்பரின் உழைப்புக் காலம் குறித்து ஓர் ஆய்வு

ஒரு முறை கலக்கி வைத்தால் நெடுநாள் உழைக்கும் என்று பெயர் வாங்கியது, படச்சுருள் கழுவப் பயன்படும் இருகரைசல் டெவலப்பர். ஆனால் ஒரு லிட்டரில் எத்தனை சுருள் கழுவலாம் என்று கேட்டால் விடைகள் ஒன்றோடொன்று ஒட்டுவதில்லை. பதினைந்தோடு நிறுத்திவிட வேண்டும் என்பார் ஒருவர். குறையக் குறைய ஊற்றி நிரப்பி ஆண்டுக்கணக்கில் ஓட்டலாம் என்பார் இன்னொருவர். இருவர் சொல்வதும் சரியாக இருக்க முடியும். ‘இருகரைசல்’ என்ற ஒரே பெயரில் இரண்டு வேறு வம்சங்கள் வளர்ந்திருக்கின்றன என்பதே இக்கட்டுரை நிறுவ முயல்வது.

முறை எளியது. முதல் கரைசலில் வெள்ளி உப்பை வெள்ளியாக்கும் வேதிப்பொருளும் அதைக் காற்றிலிருந்து காக்கும் சோடியம் சல்ஃபைட்டும் இருக்கும். இரண்டாம் கரைசலில் காரம் மட்டும். படச்சுருளின் ஜெலட்டின் முதல் கரைசலை உறிஞ்சிக்கொண்டு, நடுவில் நீரில் அலசப்படாமல், நேராகக் காரத்துக்குள் இறங்குகிறது. ஒளி மிகுதியாகப் பட்ட இடங்களில், உறிஞ்சி வந்த மருந்து விரைவில் தீர்ந்து கருமை ஏறுவது நின்றுவிடும். நிழற்பகுதியில் செலவு குறைவு என்பதால் அங்கே வேலை தொடரும். வெளிச்சம் கருகிப் போகாமல் நிழலின் நுணுக்கமும் கிடைப்பது இப்படித்தான்.

இந்த முறைக்குத் தேவை உண்டானது 1925இல். அந்த ஆண்டு லைப்சிக் வசந்தச் சந்தையில், ஆஸ்கர் பர்னாக் வடிவமைத்த லைகா கேமராவை லைட்ஸ் நிறுவனம் அறிமுகம் செய்தது. நெகட்டிவ் 24×36 மில்லிமீட்டராகச் சுருங்கியது. ஒரே சுருளில் 36 காட்சிகள். வெயிலில் எடுத்ததும் அறைக்குள் எடுத்ததும் அருகருகே. கண்ணாடித் தகடுகளின் காலத்தைப் போல ஒவ்வொன்றையும் அதனதன் தேவைக்கேற்பத் தனித்துக் கழுவ இனி வழியில்லை. முரண் மிகுந்த காட்சியையும் மென்மையான காட்சியையும் ஒரே தொட்டியில் சமாளிக்கும் மருந்து வேண்டியிருந்தது.

1930களில் ஜெர்மானியர் ஹைன்ரிஷ் ஸ்டோக்லர் தந்த சூத்திரம் இந்தத் தேவைக்குப் பொருந்தியது. முதல் கரைசலில் லிட்டருக்கு 5 கிராம் மெட்டால் (வெள்ளி உப்பை வெள்ளியாக்கும் பொருள் இதுவே), 100 கிராம் சோடியம் சல்ஃபைட். இரண்டாவதில் 10 கிராம் வெண்காரம், அதாவது போராக்ஸ். அவ்வளவுதான். அக்காலத்தில் புகழ்பெற்றிருந்த கோடாக்கின் டி-76 டெவலப்பரில் மெட்டாலுடன் ஹைட்ரோகுவினோனும் உண்டு. ஹைட்ரோகுவினோன் சல்ஃபைட்டின் துணையோடு காற்றில் ஆக்சிஜனேற்றம் அடையும்போது காரம் பிறக்கிறது. அதனால் புட்டியில் வைத்திருந்த டி-76 சில வாரங்களில் வலுவிழப்பதற்குப் பதில் வேகம் கூடி நிற்கும். ஸ்டோக்லரின் கரைசலில் ஹைட்ரோகுவினோன் இல்லை. அந்தத் தொல்லையும் இல்லை. அது நிதானமாக மூப்படையும் மருந்து.

இந்த வம்சத்தின் உண்மை இயல்பை, அதன் நேரக் குறிப்புகளே காட்டிக்கொடுக்கின்றன. முதல் கரைசலில் மெதுவான படச்சுருளுக்குக் குறைந்த நேரம், வேகமான சுருளுக்கு அதைவிடக் கூடுதல் நேரம் என்கிறது ஸ்டோக்லர் முறை. வெறும் ஊறவைத்தல்தான் அங்கே நடக்கிறது என்றால் இந்த வேறுபாட்டுக்குப் பொருளே இல்லை. ஜெலட்டின் நிரம்ப ஓரிரு நிமிடங்கள் போதும். சல்ஃபைட் தானே மென்காரம். மெட்டாலுக்கு அந்த அளவு காரமே போதுமானது. ஆகவே பெரும்பங்கு வேலை முதல் கரைசலிலேயே முடிகிறது. இரண்டாம் கரைசல் நிழற்பகுதிக்கு ஒரு கைகொடுப்பு மட்டுமே.

1944இல் கோடாக் ஆய்வாளர்கள் ஹென், கிராப்ட்ரி இருவரும் வெளியிட்ட டி-23 இதற்குத் துணைச் சான்று. 7.5 கிராம் மெட்டால், 100 கிராம் சல்ஃபைட். ஸ்டோக்லரின் முதல் புட்டிக்கு உடன்பிறப்பு என்றே சொல்லலாம். அது தனியாகவே முழுமையான டெவலப்பராக இயங்கியது. அதைக் காரக் கரைசலோடு சேர்த்து இரண்டு கட்டமாகவும் பயன்படுத்தினார்கள். டி-23உடன், செலவான வலுவை மீட்க ஊற்றும் ஓர் ஈடுசெய் கரைசலையும் அவ்விருவரும் முன்வைத்ததை நான் முக்கியமாகக் கருதுகிறேன். முதல் கரைசல் உழைத்துத் தேய்கிறது என்பதை அது வெளிப்படையாக ஒப்புக்கொள்கிறது.

தேய்வு இரு வழிகளில் நிகழ்கிறது. மெட்டால் செலவாகிறது, வெள்ளி புரோமைடிலிருந்து விடுபடும் புரோமைடு கரைசலில் சேர்ந்து அடுத்த சுருளின் வேகத்தைக் கட்டுப்படுத்துகிறது. இங்கிலாந்துப் புகைப்படக் கலைஞர் பேரி தார்ன்டன், கூர்மையை நாடி இதே வம்சத்தைத் திருத்தியமைத்தார். மெட்டால் 6.5 கிராம், சல்ஃபைட் 80 கிராம், இரண்டாம் புட்டியில் வெண்காரத்துக்குப் பதில் 12 கிராம் சோடியம் மெட்டாபோரேட். லிட்டருக்கு 15 சுருள் என்ற எல்லையை இன்றும் பெரும்பாலோர் பின்பற்றுவது இந்தக் கரைசலுக்குத்தான். உழைக்கும் மருந்துக்கு அந்த எல்லை நியாயமானது.

டயஃபைன் மறு வம்சம். அமெரிக்காவில் விற்கப்பட்ட இந்தத் தூளின் சூத்திரம் வணிக ரகசியம். ஆனால் உறையில் அச்சிட்ட வழிமுறையே போதிய சாட்சி. எந்தப் படச்சுருளானாலும் ஒவ்வொரு கரைசலிலும் குறைந்தது மூன்று நிமிடம். வெப்பநிலை 21 முதல் 29 டிகிரி செல்சியஸ் வரை எதுவும் ஆகலாம். (நம்மூர் போன்ற வெப்பமான ஊர்களில் பனிக்கட்டி தேடாமல் படம் கழுவ இதைவிடச் சலுகையான மருந்து அரிது.) நேரமும் வெப்பமும் பொருட்டில்லை என்றால், முதல் கரைசலில் பெரிதாக எதுவும் நடக்கவில்லை என்றுதான் பொருள். அங்கே ஊறல் மட்டுமே. மருந்து செலவாவதும் புரோமைடு விடுபடுவதும் இரண்டாம் கரைசலில். காரம் போதாத சூழலில் காற்றின் தாக்குதலும் மந்தமாகவே இருக்கும். முதல் புட்டியின் நெடிய ஆயுளுக்கு இதுவே காரணம்.

அதைக் கொல்வது உழைப்பன்று, கலப்படம். இரண்டாம் கரைசலின் சில துளிகள் முதலாவதில் விழுந்தால் காரம் ஏறி, மருந்து புட்டிக்குள்ளேயே விழித்துக்கொள்கிறது. படச்சுருளைச் சுற்றி வைக்கும் சுழல்தட்டு சரியாகக் கழுவப்படாமல் இருந்தாலே இதற்குப் போதும். முன்கூட்டி நீரில் நனைப்பதும் கூடாது. ஏற்கெனவே நீர் நிரம்பிய ஜெலட்டின் மருந்தைக் குறைவாகவே ஏற்கும். மிச்ச நீர் புட்டிக்குள் போய்ச் சேரும். முதல் கரைசல் நிறம் மாறினால் பலர் பதறுகிறார்கள். அது பெரும்பாலும் சுருளின் பின்புறச் சாயம் கரைந்த நிறம். கெட்டுப்போனதன் அடையாளம் அன்று. ஆழ்ந்த பழுப்பு மட்டுமே ஐயத்துக்குரியது.

இரண்டாம் கரைசலின் கணக்கில் சிக்கல் இல்லை. சுருள்கள் கொண்டுவரும் மருந்தும் புரோமைடும் அதில் தேங்குகின்றன. ஸ்டோக்லர் முறையின் வெண்காரம் மலிவானது, சில சுருள்களுக்கு ஒரு முறை கொட்டிவிட்டுப் புதிதாகக் கலக்குவதே முறை.

முதல் கரைசலின் அளவு குறைவது மட்டும் இரு வம்சத்துக்கும் பொது. 35 மில்லிமீட்டர் சுருள் ஒன்று ஏறத்தாழ 1.6 மீட்டர் நீளம், அதாவது 560 சதுர சென்டிமீட்டர். பரப்பிலும் சுழல்தட்டிலும் ஒட்டிக்கொண்டு ஒவ்வொரு முறையும் 10 மில்லிலிட்டர் போகிறது என்று வைத்துக்கொள்வோம். 15 சுருளில் லிட்டர் 850 மில்லிலிட்டராகிவிடும். காலியான இடத்தில் காற்று புகுந்து ஆக்சிஜனேற்றத்தைத் தூண்டும். அப்போது சிறிய புட்டிக்கு மாற்ற வேண்டும், இல்லையேல் புதிய கரைசலால் நிரப்ப வேண்டும்.

நிரப்பிக்கொண்டே போனால், ஒவ்வொரு சுருளும் பழைய திரவத்தில் நூற்றில் ஒரு பங்கைக் கொண்டுபோகிறது. நூறாவது சுருள் முடியும்போது, முதல் நாள் கலக்கியதில் ஏறத்தாழ 37 விழுக்காடே புட்டியில் எஞ்சியிருக்கும். மீதி 63 விழுக்காடும் பிறகு ஊற்றியது. அந்தப் புட்டியில் ஒட்டிய சீட்டில் இருக்கும் கலக்கிய தேதி, உள்ளே இருக்கும் திரவத்தின் மூன்றில் ஒரு பங்குக்கே உரியது.