நட்சத்திரம் என்று பதிவான கலக்சிகள்

வானத்தில் பல்லி என்று ஒரு சின்ன விண்மீன் கூட்டம் இருக்கு. லத்தீனில் லாசெர்ட்டா. 1929இல் ஜேர்மனியின் சொன்னபேர்க் வானாய்வகத்தில் குனோ ஹோஃப்மைஸ்டர் என்பவர் புகைப்படத் தகடுகளை ஒன்றோடொன்று ஒப்பிட்டுப் பார்த்துக்கொண்டிருந்தார். அந்தக் கூட்டத்துக்குள் ஒரு மங்கலான புள்ளி ஒரு தகட்டில் கொஞ்சம் பிரகாசமாகவும் இன்னொன்றில் மங்கியும் இருந்தது. இப்படிப்பட்ட புள்ளிகளை ஆயிரக்கணக்கில் கண்டுபிடித்த ஆள் அவர். இதையும் வழமைபோல மாறும் நட்சத்திரங்களின் பட்டியலில் சேர்த்தார்கள். பிஎல் லாசெர்ட்டே என்று பெயர் வந்தது. அடுத்த நாற்பது வருசம் கிட்டத்தட்ட அது நட்சத்திரமாகவே இருந்தது.

உண்மையில் அது சுமார் 90 கோடி ஒளியாண்டுக்கு அப்பால் இருக்கிற ஒரு கலக்சியின் நடுப்பகுதி. அங்கே ஒரு பெருங்கருந்துளை சுற்றியுள்ள வாயுவை இழுத்து விழுங்குது. விழுகிற வாயு சூடாகி ஒளிருது, அந்த ஒளி கூடிக் குறையுது. இப்படிப்பட்டவையைத்தான் செயற்படு கலக்சிகள் என்கிறோம். டபிள்யூ கோமே, ஏபி லிப்ரே என்று நட்சத்திரப் பெயரோடு உலாவுகிற வேறு கலக்சிகளும் உண்டு. பெயர் பிழை, அளவு சரி. இந்தக் கதையில் எங்களைப் பிடித்து நிறுத்தினது அதுதான்.

அளவு எப்படிச் சரியாக வந்தது? கடையில் கண்ட நீலச் சேலைக்கு வீட்டில் கிடக்கிற சட்டைத்துண்டு பொருந்துமா என்று ஞாபகத்தில் வைத்துச் சொல்லேலாது. துண்டைக் கொண்டுபோய்ப் பக்கத்தில் வைக்கவேணும். ஒளியும் அப்படித்தான். நேற்றைய வெளிச்சத்தைக் கண் ஞாபகம் வைத்திருக்காது. ஆனால் பக்கத்துப் பக்கத்தில் இருக்கிற இரண்டு புள்ளிகளில் எது கூட என்று கேட்டால் நல்லாவே சொல்லும். அதனால் மாறுகிற புள்ளிக்கு அருகில் மாறாத நட்சத்திரங்கள் சிலதைத் தெரிவுசெய்து வைத்துக்கொள்வார்கள். அவைதான் ஒப்பீட்டு நட்சத்திரங்கள்.

1782இல் இங்கிலாந்தின் யோர்க் நகரத்தில் ஜோன் குட்ரிக் என்ற பொடியன் அல்கோல் நட்சத்திரம் திடீரென மங்குவதைக் கண்டான். வயது பதினெட்டு. காது கேளாதவன். அயல் நட்சத்திரங்களோடு இரவிரவாக ஒப்பிட்டு, அல்கோல் இரண்டு நாள் இருபது மணித்தியாலம் சொச்சத்துக்கு ஒருமுறை மங்குது என்று கணக்குச் சொன்னான். இருபத்தொரு வயதில் செத்தும் போனான். 1844இல் ஜேர்மனியில் ஆர்கெலாண்டர் இந்த ஒப்பீட்டை ஒரு முறையாக எழுதி, வானத்தில் ஆர்வமுள்ள எல்லாரையும் வேலைக்கு அழைத்தார். உங்கட புள்ளியைவிடக் கொஞ்சம் பிரகாசமான ஒன்று, கொஞ்சம் மங்கலான ஒன்று, இரண்டையும் எடு. இடையில் எத்தனை படி என்று எழுது. அவ்வளவுதான்.

படியை எண்ணாக்கினவர் நோர்மன் பொக்சன். ஒளிப்பருமன் ஐந்து கூடினால் வெளிச்சம் நூறில் ஒன்றாகும் என்ற இன்றைய கணக்கு 1856இல் அவர் முன்வைத்தது. ஒரு படிக்கு 2.512 மடங்கு. ஐந்து வருசம் கழித்து அவர் சென்னை வானாய்வகத்துக்குப் பொறுப்பாக வந்து, 1891இல் சாகும்வரை அங்கேயே இருந்தார். அங்கே அவரிடம் உதவியாளராக இருந்த சிந்தாமணி ரகுநாதாச்சாரி 1867இல் ஆர் ரெட்டிக்குலி என்ற மாறும் நட்சத்திரத்தைக் கண்டுபிடித்தார். பாடப்புத்தகத்தில் 2.512 இருக்கு, பொக்சன் இருக்கிறார். ரகுநாதாச்சாரியை நாங்கள் பள்ளிக்கூடத்தில் கேள்விப்படவே இல்லை.

1911இல் அமெரிக்காவில் வில்லியம் டைலர் ஒல்கொட் மாறும் நட்சத்திர அவதானிகளுக்கு ஒரு சங்கம் தொடங்கினார். அவர்களின் வான வரைபடங்களில் ஒப்பீட்டு நட்சத்திரங்களுக்குப் பக்கத்தில் 129, 135 என்று எண் போட்டிருக்கும். 12.9, 13.5 என்று வாசிக்கவேணும். தசமப் புள்ளி போட்டால் அதையும் நட்சத்திரம் என்று நினைத்துவிடுவார்களாம், அதனால் விட்டுவிட்டார்கள்! அவதானி அனுப்பவேண்டியது மூன்று: நேரம், தன் மதிப்பீடு, எந்தெந்த நட்சத்திரங்களோடு ஒப்பிட்டார் என்பது. மூன்றாவது சும்மா சம்பிரதாயம் மாதிரித் தெரியும். ஆனால் ஒப்பீட்டு நட்சத்திரத்தின் எண்ணே பிழை என்று பிறகு தெரியவந்தால், அல்லது அந்த நட்சத்திரமே மாறுகிற ஒன்று என்று பிடிபட்டால், பழைய மதிப்பீட்டைத் திருத்திக் காப்பாற்ற அதுதான் வழி. எதோடு ஒப்பிட்டேன் என்று எழுதாத அளவீடு அன்றோடு செத்துப்போகும்.

இனி ஹார்வர்ட். 1880களிலிருந்து அங்கே வானத்தை இரவிரவாகக் கண்ணாடித் தகடுகளில் படம்பிடித்தார்கள். ஐந்து லட்சத்துக்கும் மேற்பட்ட தகடுகள். தகடுகளைப் பார்த்துக் கணக்கெடுத்தது பெண்கள். ஹென்ரியெட்டா லீவிட்டுக்கு மணித்தியாலத்துக்கு 30 சதம் சம்பளம். கண்ணாடியின் பின்பக்கத்தில் மையால் வட்டம் போட்டு, ஒப்பீட்டு நட்சத்திரங்களுக்கு எழுத்துப் போட்டு, மாறும் நட்சத்திரங்களை மட்டும் 2,400 அளவில் கண்டுபிடித்தா. செபீட் நட்சத்திரங்கள் பற்றிய அவவின் விதியை எல்லாரும் சொல்லுவார்கள். வட துருவத்துக்கு அருகில் 96 நட்சத்திரங்களின் பருமனைத் துல்லியமாக அளந்து, மற்ற வானத்துக்கே அளவுகோலாக்கிக் கொடுத்த வேலையை அவ்வளவாக ஒருத்தரும் கதைப்பதில்லை. எங்களைக் கேட்டால் அதுவும் குறைந்த வேலை இல்லை. மற்றவர்கள் ஒப்பிட ஒரு நிலையான புள்ளி வேணுமே.

1962 ஓகஸ்டில் 3சி 273 என்ற வானொலி மூலத்தைச் சந்திரன் மறைத்தபோது, அவுஸ்திரேலியாவின் பார்க்ஸ் தொலைகாட்டியால் சிரில் ஹசார்டும் கூட்டாளிகளும் அதன் இடத்தைத் துல்லியமாகக் குறித்தார்கள். அந்த இடத்தில் 13ஆம் பருமன் அளவில் ஒரு 'நட்சத்திரம்'. 1963 பெப்ரவரியில் மார்ட்டின் ஷ்மிட் அதன் நிறமாலையில் ஐதரசன் கோடுகள் 16 வீதம் அளவுக்குச் சிவப்புப் பக்கம் நகர்ந்திருப்பதைக் கண்டுகொண்டார். அப்படியென்றால் அது 200 கோடி ஒளியாண்டுக்கும் அப்பால். எங்கட பால்வீதியைவிட நூறு மடங்கு அளவு வெளிச்சம். யாழ்ப்பாணத்தில் மே மாத இரவில் அது கிட்டத்தட்ட உச்சிக்கு வரும். பார்க்கிறதுக்கு எட்டு அங்குலத் தொலைகாட்டி மட்டும்தான் எங்களிட்ட இல்லை.

அதே வருசம் ஹார்லன் ஸ்மித்தும் டொரிட் ஹொஃப்லைட்டும் ஹார்வர்ட் தகடுகளைத் தோண்டினார்கள். 3சி 273 அவற்றில் எழுபது எண்பது வருசமாக இருந்திருக்கு. யாரும் அதைத் தேடிப் படமெடுக்கவில்லை, தற்செயலாக விழுந்தது. பக்கத்து நட்சத்திரங்களோடு ஒப்பிட்டுப் பார்த்தால் அதன் ஒளி ஏறி இறங்கியிருந்தது. நீண்ட ஏற்ற இறக்கமும் இருந்தது, அதைவிட மிகக் குறுகிய மாற்றங்களும் இருந்தன.

இது ஏன் பெரிய விசயம்? ஒரு மைல் நீளத்துக்கு வரிசையாக நிற்கிற சனம் ஒரே நொடியில் கைதட்டினாலும், ஒரு முனையில் நிற்கிற உங்களுக்கு அது ஒரே நொடியில் கேட்காது. தூரத்தில் நிற்கிறவையின்ர சத்தம் பிந்தி வரும். சத்தம் சட்டென்று வந்து முடிந்தால் வரிசை சின்னது. ஒளிக்கும் அதே கணக்கு. ஒரு வருசத்துக்குள் கணிசமாக மாறுகிற பொருள் ஒரு ஒளியாண்டை விடப் பெரிதாய் இருக்கேலாது. நூறு கலக்சிகளின் வெளிச்சம், ஒரு ஒளியாண்டுக்குள்! நட்சத்திரங்களை எவ்வளவு நெருக்கி அடைந்தாலும் அந்தக் கணக்கு வராது. பெருங்கருந்துளை என்ற எண்ணத்துக்கு வானியலாளர்களைத் தள்ளிக்கொண்டுபோன காரணங்களில் இது முக்கியமானது.

ஆனால் ஹொஃப்லைட் அந்த வேலையைச் செய்தபோது ஹார்வர்ட்டில் இல்லை. 1950களில் இயக்குநராக வந்த டொனால்ட் மென்செல் செலவைக் குறைக்கத் தகடு எடுப்பதையே நிறுத்தினார். 1956இல் ஹொஃப்லைட் வெளியேறி யேலுக்குப் போனா. நன்டக்கெட் தீவின் மரியா மிச்சல் வானாய்வகத்தில் கோடைகாலங்களில் நூற்றுக்கு மேற்பட்ட இளம் மாணவர்களுக்கு, பெரும்பாலும் பெண் பிள்ளைகளுக்கு, மாறும் நட்சத்திர வேலை பழக்கினா. ஹார்வர்ட் தகடுகளில் ஏறத்தாழ 1953இலிருந்து 1960களின் பிற்பகுதி வரை ஒரு ஓட்டை விழுந்தது. 'மென்செல் இடைவெளி' என்றே அதற்குப் பெயர். குவேசர்கள் என்னவென்று தெரியவந்த 1963 அந்த ஓட்டைக்குள்தான் விழுது. யாருக்குத் தேவைப்படும் என்று தெரியாத பதிவுகள் என்றுதானே நிறுத்தியிருப்பார்கள்.

பல்லிக்கு வருவம். 1968இல் ஜோன் ஷ்மிட், ஒரு வானொலி மூலமும் பிஎல் லாசெர்ட்டேயும் ஒரே இடத்தில் இருப்பதைக் காட்டினார். நிறமாலையில் ஒரு கோடும் இல்லை, தூரம் சொல்ல வழியில்லை. 1974இல் ஓக்கும் கன்னும் நடுவிலுள்ள பிரகாசமான புள்ளியை மறைத்துவிட்டு, சுற்றியிருந்த மங்கல் ஒளியை மட்டும் ஆராய்ந்து அது கலக்சி என்று சொன்னார்கள். கருந்துளையிலிருந்து பாயும் தாரை எங்கட பக்கம் நோக்கியிருக்கிற இந்த வகைக்கு 1978இலிருந்து பிளேசர் என்று பெயர்.

அவற்றில் ஓஜே 287 கடக ராசிப் பக்கம் இருக்கு. கோள்கள் போகிற பாதைக்கு அருகில் என்பதால் சிறுகோள் தேடினவர்களின் தகடுகளிலும் தற்செயலாக விழுந்திருக்கு. 1988இல் பின்லாந்தின் சில்லன்பேயும் கூட்டாளிகளும் நூறு வருசத்துப் பதிவைக் கோர்த்து, பன்னிரண்டு வருசத்துக்கு ஒருமுறை அது பொங்குது, இரண்டு கருந்துளைகள் ஒன்றையொன்று சுற்றுது போல என்றார்கள். அடுத்தது 1994 என்றார்கள், வந்தது. 2022இல் எதிர்பார்த்த பொங்கல் வரவில்லை என்று ஒரு குழு சொல்லுது. சண்டை முடியவில்லை.

இன்றைக்குக் கண்ணுக்குப் பதில் கமரா. ஒரே படத்துக்குள் கலக்சியும் ஒப்பீட்டு நட்சத்திரங்களும் விழுவதால் மெல்லிய முகில் வந்தால் எல்லாம் ஒன்றாக மங்கும், வித்தியாசம் மாறாது. இன்னொரு நட்சத்திரத்தைக் காவலுக்கு வைப்பார்கள். அது ஆடினால் ஒப்பீட்டில்தான் பிழை. கலக்சிக்கென்று ஒரு தொல்லையும் உண்டு: நட்சத்திரம் புள்ளி, கலக்சிக்குப் புகைபோன்ற ஓரம். அளக்கிற வட்டத்தின் அளவை மாற்றினால் வெளிச்சமும் மாறும். எனவே வட்டத்தின் அளவையும் எழுதவேணும்.

ஹார்வர்ட் தகடுகளில் நாலு லட்சத்துக்கு மேல் இப்போது மின்வருடியாகிவிட்டன. அதற்காகப் பின்பக்கத்து மை அடையாளங்களைப் படமெடுத்துவிட்டு, மையைத் துடைத்தார்கள். மைக்குக் கீழே நட்சத்திரங்கள் மறைந்திருந்தனவாம். வரலாற்று மதிப்புள்ளவை என்று தெரிவுசெய்த தகடுகள் சிலதை மட்டும் துடைக்காமல் விட்டார்கள். எங்களுக்குள் பாதிப்பேர் அது சரி என்கிறார்கள், தகடு வானத்துக்கு உரியது. மற்றப் பாதி, அந்த வட்டங்களும் எழுத்துகளும் 30 சதத்துக்கு வேலைசெய்தவர்களின் கையெழுத்து என்கிறது. இதை எழுதி முடிக்கிற நேரத்திலும் ஒத்துவரவில்லை.