வத்திராயிருப்புக்காரரும் மூணு நாள் காத்திருப்பும்

போன வருஷம் அருப்புக்கோட்டையில் அம்மாவுக்குக் குளிர்காய்ச்சல். சிறுநீரில் கிருமி. "கல்ச்சர் ரிப்போர்ட் வர மூணு நாள் ஆகும். அதுவரைக்கும் இந்த ஆன்டிபயாடிக்கைப் போடுவோம்" என்றார் டாக்டர். அவரைக் குறை சொல்ல ஒன்றுமில்லை. பாக்டீரியாவைத் தட்டில் வளர்க்கணும், கண்ணுக்குத் தெரிகிற அளவு பெருகணும், இனம் பிரிக்கணும், அப்புறம் எந்த மருந்துக்கு அடங்குதுன்னு பார்க்கணும். அதுவரை கொடுப்பது அனுபவத்தில் பிறந்த ஊகம்தான். கிருமி ரத்தத்தில் பரவிவிட்டாலோ, அந்த மூணு நாள் உயிர்ப் பிரச்சினை.

வளர்க்காமலே கண்டுபிடிக்க முடியாதா? தேடிக்கொண்டே போனதில் வந்து நின்ற இடம், எங்க கரிசல் காட்டுக்கு மேற்கே, இதே விருதுநகர் மாவட்டத்தில் மலையடிவாரத்து வத்திராயிருப்பு.

கே.எஸ்.கிருஷ்ணன் 1898-ல் அங்கே பிறந்தவர். மதுரை அமெரிக்கன் கல்லூரியிலும் சென்னை கிறித்தவக் கல்லூரியிலும் படித்துவிட்டு, கல்கத்தாவில் சி.வி.ராமனிடம் ஆய்வுக்குச் சேர்ந்தார். 1928 பிப்ரவரியில் அங்கே சூரிய ஒளியை வடிகட்டி, குறிப்பிட்ட நிறத்தை மட்டும் திரவங்களுக்குள் செலுத்திப் பார்த்தார்கள். சிதறி வந்த ஒளியில், உள்ளே போகாத நிறம் ஒன்று மங்கலாகத் தெரிந்தது. சுமார் 60 திரவங்களில் சோதித்தார்கள். மார்ச் 31 'நேச்சர்' இதழில் வெளியான குறிப்பில் ராமன், கிருஷ்ணன் இருவர் பெயரும் இருக்கிறது. 1930 நோபல் பரிசு ராமனுக்கு மட்டும்.

பானையைத் தட்டி, சத்தத்தை வைத்தே கீறலைச் சொல்வார்கள் இல்லையா? இங்கே தட்டுவது ஒளி. மூலக்கூறுகளின் அதிர்வுக்கு ஏற்றபடி சிதறும் ஒளியின் நிறம் லேசாக மாறுகிறது. ஒவ்வொரு பாக்டீரியாவிலும் புரதம், கொழுப்பு, செல்சுவர் எல்லாம் வேறு வேறு விகிதம் என்பதால், அதன் நிறமாலை ஒரு கைரேகை மாதிரி.

அப்படியானால் இத்தனை காலம் ஏன் ஆனது? சிதறும் ஒளித்துகளில் ஏறக்குறைய கோடியில் ஒன்றுதான் இப்படி நிறம் மாறும். 1960-ல் லேசர் வந்தது. 1970-களில், கரடுமுரடான வெள்ளிப் பரப்பில் வைத்தால் இந்த ஒளி பல மடங்கு பெருகும் என்று தெரிந்தது. 2019-ல் ஸ்டான்ஃபோர்டு குழு ஒன்று, 30 வகை பாக்டீரியாக்களின் நிறமாலைகளைக் கொடுத்துக் கணினிக்குக் கற்றுக்கொடுத்தது. இரைச்சல் மிகுந்த அந்தக் கோடுகளிலிருந்து வகையைச் சொல்வதில் 82 சதவீதத்துக்கு மேல் சரி. எந்த மருந்து பொருந்தும் என்பதில் 97 சதவீதம். மென்பொருள்காரனான எனக்குப் பிடித்தது இந்த இரண்டாவது எண். பேரில் தப்பினாலும் மருந்தில் தப்பவில்லை. நோயாளிக்கு வேண்டியது அதுதானே.

ஆனால் அதிலும் ஆய்வகத்தில் வளர்த்தெடுத்த பாக்டீரியாவைத்தான் பயன்படுத்தினார்கள். ஒரு மில்லி ரத்தத்தில் சிவப்பணுக்கள் மட்டும் சுமார் 500 கோடி. நோய்க்கிருமி சில சமயம் பத்துகூட இருக்காது. அதைத் தனியே பிரித்தெடுப்பதுதான் இன்னும் பெரிய வேலை. அது கைகூடி, செலவும் குறைந்தால்தான் திருச்சுழி மாதிரி ஊர் வரைக்கும் இந்த ஒளி வந்து சேரும்.

அம்மாவின் ரிப்போர்ட் மூணாம் நாள் சாயங்காலம் வந்தது. அதுவரை போட்ட மருந்துக்கு அந்தக் கிருமி அடங்காதாம். அன்றைக்கு ராத்திரியே மருந்தை மாற்றினார்கள். அம்மா தேறிவிட்டார்.