பீப்பாயில் பிறந்த கணக்கு

வேலி போடும் விவசாயி, தகரத்தின் நான்கு மூலையிலும் சதுரம் வெட்டி மடித்துப் பெட்டி செய்பவர், கோளத்துக்குள் கூம்பைத் திணிப்பவர். பிளஸ் டூவில் கணக்கு எடுத்துப் படித்த எல்லோருக்கும் இந்த ஆட்களைத் தெரியும். எல்லை, வகைக்கெழு, பெருக்கல் விதி, வகுத்தல் விதி, சங்கிலி விதி என்று வரிசையாக உருப்போட்டு, பக்கம் பக்கமாக வகையிட்டுத் தள்ளிய பிறகு, ‘பயன்பாடுகள்’ என்ற தலைப்பின் கீழ் இவர்கள் வந்து நிற்பார்கள். விதிகளை முதலில் கண்டுபிடித்துவிட்டு, இவற்றை எதற்குப் பயன்படுத்தலாம் என்று யாரோ பிறகு யோசித்தது போல ஒரு தோற்றம். நடந்தது தலைகீழ். பெருமம், சிறுமம் தேடும் இந்தக் கணக்குதான் தாய், விதிகள் பிள்ளைகள். பாடத்தில் முதலில் வரும் ‘எல்லை’ கொள்ளுப்பேத்தி. 1820களில் பாரிஸில் கணிதர் கோஷி வந்துதான் அதை ஒழுங்காக உட்காரவைத்தார்.

தாய் பிறந்த இடமாக நான் காட்டுவது ஆஸ்திரியாவின் லின்ஸ் நகரம், 1613. கோள்களின் பாதை நீள்வட்டம் என்று சொன்ன அதே கெப்ளர் அந்த ஆண்டு இரண்டாம் கல்யாணம் செய்துகொண்டார். முதல் மனைவி இறந்த பிறகு பதினோரு பெண்களைப் பற்றி யோசித்து, குழம்பி, கடைசியில் ஐந்தாவதாகப் பார்த்த சூசன்னாவையே கட்டினார். அந்தக் கதையை அவரே ஒரு கடிதத்தில் விலாவாரியாக எழுதியிருக்கிறார். பெருமம் தேடும் புத்தி மனிதருக்கு இரத்தத்திலேயே ஊறியிருந்தது போலும்.

புதுக்குடித்தனத்துக்கு ஒயின் பீப்பாய்கள் வந்து இறங்கின. வியாபாரி ஒரு கோலை எடுத்தான். படுத்துக்கிடக்கும் பீப்பாயின் நடு வயிற்றில் இருக்கும் துளை வழியாக, எதிர்ப்பக்க மூடியின் கீழ்விளிம்பு வரை சாய்வாக விட்டான். கோல் எவ்வளவு தூரம் உள்ளே போனதோ அதைப் பார்த்து விலை சொல்லிவிட்டான். பீப்பாய் நெட்டையா குட்டையா என்று அவனுக்கு அக்கறையே இல்லை. கெப்ளருக்குச் சுருக்கென்றது. ஒரே கோலளவுக்கு எத்தனையோ விதமான பீப்பாய் செய்யலாமே!

கணக்குப் போட்டுப் பார்ப்போம். வயிறு பெருத்த பீப்பாயை உருளையாகவே வைத்துக்கொள்ளலாம். கோல் உள்ளே 60 சென்டிமீட்டர் போகிறது. பீப்பாயின் நீளம் 20 சென்டிமீட்டர் மட்டும் என்றால் உள்ளே சுமார் 55 லிட்டர்தான் பிடிக்கும். நீளம் 63 என்றால் 129 லிட்டர். அதே கோல், அதே விலை, இரண்டு மடங்குக்கும் மேல் ஒயின். இன்னும் நீட்டினால்? 69.3 சென்டிமீட்டரில் 130.6 லிட்டர். அதுதான் உச்சம். 75க்குப் போனால் மறுபடி 129.2 ஆக இறங்கிவிடுகிறது.

உச்சம் எங்கே என்பதைக் கெப்ளர் வடிவியலாலும் அட்டவணைகளாலும் பிடித்தார். நீளம், விட்டத்தைப் போல் √2 மடங்கு இருக்க வேண்டும். ஆஸ்திரியப் பீப்பாய்கள் ஏறக்குறைய அந்த அளவில்தான் இருந்தன. வியாபாரி ஏமாற்றவில்லை. ஆனால் விஷயம் அதோடு முடியவில்லை. மேலே உள்ள எண்களை இன்னொரு முறை பாருங்கள். உச்சத்திலிருந்து ஆறு சென்டிமீட்டர் இந்தப் பக்கமோ அந்தப் பக்கமோ விலகினாலும் குறைவது சுமார் ஒன்றரை லிட்டர்தான். பீப்பாய் செய்கிறவன் கை கொஞ்சம் பிசகினாலும் வாங்குகிறவனுக்குப் பெரிய நஷ்டமில்லை. உச்சத்தின் அருகே மாற்றம் கண்ணுக்குத் தெரியாத அளவு சிறுத்துவிடுகிறது என்று கெப்ளர் 1615இல் அச்சிட்ட பீப்பாய்ப் புத்தகத்தில் எழுதிவைத்தார். ‘வகைக்கெழுவைப் பூச்சியத்துக்குச் சமப்படுத்து’ என்று நாம் யோசிக்காமல் செய்யும் அந்த அடிக்கு உயிர் இங்கேதான் இருக்கிறது. என்னைக் கேட்டால், பெருமம் சிறுமம் நடத்தும் முதல் நாளில் சூத்திரத்தை ஓரமாக வைத்துவிட்டு இந்த நான்கு எண்களைக் கரும்பலகையில் எழுதினால் போதும்.

கெப்ளர் கண்டதைக் கணக்குச் செய்முறையாக மாற்றியவர், தூலூஸ் நகர நீதிமன்றத்தில் பதவியில் இருந்த ஃபெர்மா. 10 அடிக் கோட்டை இரண்டாக வெட்டி, துண்டுகளின் பெருக்கற்பலன் மிகப் பெரிதாக வரச் செய்ய வேண்டும். ஃபெர்மா தெரியாத எண்களுக்கு உயிரெழுத்துகளை வைப்பார்; நாமும் அப்படியே வைப்போம். ஒரு துண்டு அ என்றால் பெருக்கற்பலன் 10அ − அ². உச்சத்தில் கொஞ்சம் நகர்ந்தாலும் பலன் மாறாது அல்லவா? அதனால் அ இருக்கும் இடத்தில் அ + எ என்று போட்டு, இரண்டையும் சமமாக வைத்தார். பொதுவானவற்றை நீக்கினால் 10எ = 2அஎ + எ². எ-ஆல் வகுத்தால் 10 = 2அ + எ. இப்போது எ-யைத் தூக்கி எறிந்தால் அ = 5.

வகுக்கும்போது பூச்சியமில்லாத எ, அடுத்த வரியில் பூச்சியமாவது எப்படி? இந்த முறை 1630களின் கடைசியில் தேகார்த்தின் கைக்குப் போனபோது அவர் எரிச்சலடைந்தார். கேள்வி நியாயமானது. ஆனால் விடை ஒவ்வொரு முறையும் சரியாக வந்தது. சரியாக வரும் முறையை யார் விடுவார்கள்?

சிக்கல் வேறிடத்தில் இருந்தது. வர்க்கமூலம் வந்தால் இந்த முறை திணறும். ஒளி ஓர் ஊடகத்திலிருந்து இன்னொன்றுக்குப் போகும்போது, மிகக் குறைந்த நேரம் பிடிக்கும் பாதையைத் தேர்ந்தெடுக்கிறது என்பது ஃபெர்மாவின் எண்ணம். அதிலிருந்து ஒளிவிலகல் விதியைப் பெற, இரண்டு வர்க்கமூலங்களின் கூடுதலுக்குச் சிறுமம் காண வேண்டும். அந்தக் கணக்கின் நீளத்துக்கு அஞ்சியே சில ஆண்டுகள் தள்ளிப்போட்டு, 1662 தொடக்கத்தில்தான் முடித்துக் கடிதமாக அனுப்பினார். இடையில் டச்சுக்காரர் ஹுடே ஒரு சுருக்குவழி கொடுத்தார். ஒவ்வோர் உறுப்பையும் அதன் அடுக்கால் பெருக்கினால் போதும் என்பது அதன் சாரம். பல்லுறுப்புக்கோவைக்கு அது பளிச்சென்று வேலை செய்யும். மூலக்குறி வந்துவிட்டால் முதலில் வர்க்கப்படுத்தி, மறுபடி வர்க்கப்படுத்தி அதைத் துரத்தியாக வேண்டும். ஹுடே பிறகு ஆம்ஸ்டர்டாம் மேயராகி, கணிதத்தைக் கைவிட்டார்.

விதிகள் பிறந்தது இந்த அவஸ்தையில். கணிதர் லைப்னிட்ஸ் 1684 அக்டோபரில் லைப்சிக்கின் ஆக்டா எருடிடோரம் இதழில் ஆறு ஏழு பக்கக் கட்டுரை ஒன்றை வெளியிட்டார். நீண்ட இலத்தீன் தலைப்பு. அதில் முதலில் வருவதே பெருமங்களும் சிறுமங்களும்தான்; தொடுகோடு அடுத்துத்தான். பின்னமோ மூலமோ இந்த முறைக்குத் தடையில்லை என்று தலைப்பிலேயே பெருமையடிக்கிறார். கூட்டலுக்கும் பெருக்கலுக்கும் வகுத்தலுக்கும் அடுக்குக்கும் மூலத்துக்கும் தனித்தனியே விதி வைத்துவிட்டால், எவ்வளவு சிக்கலான கோவையையும் துண்டு துண்டாகப் பிரித்து முடித்துவிடலாம். வர்க்கப்படுத்தித் துரத்தும் வேலையே இல்லை. சான்றுக்கு எடுத்துக்கொண்ட கணக்குகளில் ஒன்று, ஃபெர்மா தள்ளிப்போட்ட அதே ஒளிவிலகல். பெரிய அறிஞர்கள் சுற்றி வளைத்துத் தேடியதை இந்த முறை தெரிந்தவர் மூன்றே வரியில் முடிப்பார் என்று கொஞ்சம் தலைக்கனத்தோடே எழுதினார். நியூட்டன் இதையெல்லாம் ஏறத்தாழ இருபது ஆண்டு முன்பே கண்டுபிடித்துப் பெட்டியில் பூட்டி வைத்திருந்தார். யார் முந்தியது என்ற சண்டை பெரிய கதை, இங்கே வேண்டாம்.

லைப்னிட்ஸின் கைப்பிரதி ஒன்றைச் சொல்லியே ஆக வேண்டும். 1675 நவம்பரில், பாரிஸில் இருந்தபோது, பெருக்கற்பலனின் நுண்மாற்றம் தனித்தனி நுண்மாற்றங்களின் பெருக்கற்பலன்தானா என்று எழுதி யோசித்தார். நம் பிள்ளைகள் விடைத்தாளில் எழுதிச் சுழி வாங்கும் அதே வரி! பொருந்தவில்லை என்று கண்டு கைவிட்டார். பொருந்தாததைக் காண அரை நிமிடம் போதும். அ²-ஐ அ × அ என்று எழுதி வகையிட்டால் 1 × 1 = 1 வரும்; வர வேண்டியதோ 2அ. வகுப்பில் இந்த வரியை எழுதும் மாணவனை அதட்டுவதைவிட, யார் வரிசையில் நிற்கிறான் என்று அவனுக்குச் சொல்லிவிட்டு இதைச் சோதித்துப் பார்க்கச் சொல்லலாம்.

1684 கட்டுரையில் நிறுவல் கிடையாது. அதைப் படித்த கணிதர்களான பெர்னூலி சகோதரர்களுக்கே அது விடுகதையாகத்தான் இருந்தது. இளையவர் யோஹான் பாரிஸ் போனபோது வயது 24. அங்கே லோபிதால் என்ற பிரபு காசு கொடுத்துப் பாடம் கேட்டார். நம்மூர் வழக்கில் டியூஷன். 1694 மார்ச்சில் லோபிதால் ஓர் ஏற்பாட்டை எழுதி அனுப்பினார். ஆண்டுக்கு 300 லிவர் தருகிறேன். நான் கேட்கும் கணக்குகளைப் போட்டுத்தர வேண்டும். புதிதாகக் கண்டுபிடிப்பதை எனக்கு மட்டும் சொல்ல வேண்டும். யோஹான் ஒப்புக்கொண்டார்.

1696இல் வகையிடலுக்கான முதல் பாடநூல் வந்தது. முகப்பில் ஆசிரியர் பெயர் இல்லை. ஆனால் லோபிதால் என்று எல்லோருக்கும் தெரியும். முதல் பகுதி விதிகள், இரண்டாவது தொடுகோடு, மூன்றாவது பெருமம் சிறுமம். தாயைப் பின்வரிசைக்கு அனுப்பியது இந்தப் புத்தகம்தான். பாடம் நடத்த அது வசதி, மறுக்கவில்லை. மூன்றாம் பகுதியின் கணக்குகள் இன்றைக்கும் சுவையானவை: வெவ்வேறு வேகத்தில் நடக்க வேண்டிய இரண்டு நிலங்களைக் கடக்கும் வழிப்போக்கன் எங்கே எல்லையைத் தாண்டுவது, கப்பியில் தொங்கும் எடை எவ்வளவு தாழ இறங்கி நிற்கும், ஆண்டில் எந்த நாளில் அந்திவெளிச்சம் மிகக் குறுகியது. வேலி போடும் விவசாயியின் மூதாதையர்கள் இவர்களே.

பூச்சியத்தின் கீழ் பூச்சியம் வரும்போது மேலும் கீழும் தனித்தனியே வகையிடும் உத்தியும் அதே நூலில் இருந்தது. அதைத்தான் லோபிதாலின் விதி என்கிறோம். 1704இல் லோபிதால் இறந்ததும் யோஹான் அது என்னுடையது என்று குரலெழுப்பினார். அவர் சண்டைக்காரர் என்று பெயர் வாங்கியிருந்ததால் நம்பியவர் குறைவு. 1922இல்தான், பாசலில் கிடைத்த அவருடைய பழைய பாடக்குறிப்புகள் அச்சேறின. புத்தகத்தின் பெரும்பகுதி அந்தப் பாடங்களை ஒட்டியே போகிறது. பின்னர் வெளியான கடிதங்களில் 300 லிவர் ஏற்பாடும் தெரியவந்தது. விதியின் பெயரை யாரும் மாற்றவில்லை. காசு கொடுத்து வாங்கியதுதானே!