வாலும் மரபணுவும்: பெங்களூரு இறைச்சிச் சர்ச்சை, 2024

2024 ஜூலை 26 அன்று மாலை, ராஜஸ்தானிலிருந்து ரயிலில் பெங்களூரு வந்திறங்கிய இறைச்சிப் பெட்டிகளை மெஜஸ்டிக் ரயில் நிலையத்தருகே ஒரு குழுவினர் மறித்தனர். உள்ளே இருப்பது நாய்க்கறி என்பது அவர்களின் குற்றச்சாட்டு. உணவுப் பாதுகாப்புத் துறையினர் மாதிரிகளை எடுத்து ஐதராபாத்திலுள்ள தேசிய இறைச்சி ஆராய்ச்சி நிறுவனத்துக்கு அனுப்பினர். சில நாள்களில் வந்த முடிவு: செம்மறி ஆடு.

ஐயத்துக்கு வித்திட்டது வால். தோலுரித்த உடலில் அது வழக்கத்தைவிட நீண்டிருந்தது. சென்னைக்கு இக்காட்சி புதிதன்று. 2018 நவம்பரில் எழும்பூர் நிலையத்தில் 2,000 கிலோவுக்கும் மேலான இறைச்சி கைப்பற்றப்பட்டபோதும் பேச்சு வாலைப் பற்றியே எழுந்தது. சரக்கு வந்ததும் ராஜஸ்தானிலிருந்தே. சென்னைக் கால்நடை மருத்துவக் கல்லூரியின் ஆய்வு அதை ஆட்டிறைச்சி என்றது.

இறைச்சி எந்த விலங்கினுடையது என்று அறியும் முயற்சி மரபணுவுக்கு முந்தையது. 1901இல் ஜெர்மானியரான பால் உலென்ஹூத், எதிர்ப்புரதம் கொண்ட ஊனீரால் ஒரு விலங்கின் குருதியை மற்றொன்றிலிருந்து பிரித்தறிந்தார். அதே வழியில் குதிரை இறைச்சியும் கண்டறியப்பட்டது. ஆனால் சமைத்தால் புரதம் உருக்குலையும், சோதனை தடுமாறும். டிஎன்ஏ வெப்பத்தில் துண்டுபட்டாலும் துண்டுகள் எஞ்சுகின்றன. ஒவ்வோர் உயிரணுவிலும் மைட்டோகாண்ட்ரியா டிஎன்ஏவின் பிரதிகள் ஏராளம். 1980களில் உருவான பாலிமரேஸ் தொடர்வினை, எஞ்சிய துணுக்கையும் பல கோடி மடங்கு பெருக்கித் தந்தது.

இந்தியாவில் இக்கருவிக்கு முதல் தேவை சந்தையில் அன்று, காட்டில் எழுந்தது எனலாம். ஐதராபாத்தின் உயிரணு மற்றும் மூலக்கூறு உயிரியல் மையத்தில் லால்ஜி சிங், சுனில் குமார் வர்மா ஆகியோர், சைட்டோகுரோம் பி மரபணுவின் ஒரு பகுதியைக் கொண்டு எவ்விலங்கையும் இனங்காணும் பொது முறையை 2000களின் தொடக்கத்தில் வகுத்தனர். வேட்டை வழக்குகளில் சிக்கும் இறைச்சித் துண்டு மானா, ஆடா என்று நீதிமன்றம் கேட்டது. விலங்கை முன்கூட்டி ஊகிக்காமலே விடை காண முடிந்ததுதான் இம்முறையின் வலிமை.

2013இல் அயர்லாந்தின் உணவுப் பாதுகாப்பு ஆணையம் 27 மாட்டிறைச்சி பர்கர்களைச் சோதித்து, 10இல் குதிரை டிஎன்ஏ இருப்பதாக அறிவித்தது. அரைத்த இறைச்சியில் கண்ணுக்கு வேலையில்லை. எவரும் ஐயுறாத கலப்படத்தை அங்குச் சோதனை வெளிக்கொணர்ந்தது. சென்னையிலும் பெங்களூருவிலும் நிகழ்ந்தது நேரெதிர்: முழு உடல் கண்முன் கிடந்தது, கண்தான் பிழைத்தது. மோசடியைப் பிடிக்க உருவான கருவி, வணிகர்மீது விழுந்த பழியைத் துடைக்கப் பயன்பட்டது. எனினும் குற்றச்சாட்டு பரவ ஒரு மாலை போதும். அறிக்கை வரும்வரை கடைக்காரர் காத்திருக்க வேண்டும், கறி காத்திருக்காது. மேலும், இறைச்சி உரிய குளிரில் வந்ததா, கெட்டுப்போயிற்றா என்பதை மரபணு சொல்லாது. நகரம் கேட்டிருக்க வேண்டிய அக்கேள்விகள் நாய்க்கறிப் பேச்சில் பின்தள்ளப்பட்டன.

இன்னொன்றும் கவனம் பெறவில்லை. நீண்ட வாலுக்கு விளக்கமாக அதிகாரிகள் சுட்டியது சிரோஹி இனத்தை, அது வெள்ளாடு. ஆய்வகம் கண்டதோ செம்மறி. இரண்டையும் ‘மட்டன்’ என்றே வாங்கும் ஊரில் இவ்வேறுபாட்டை எவரும் பெரிதாகக் கேட்கவில்லை.