பிடோக் வீடுகளுக்கு ஆங்கிலம் வந்த வழி: வானொலி முதல் கைப்பேசி வரை



சிங்கப்பூரின் கிழக்குக் கரையை ஒட்டிப் பிடோக் என்று ஓர் ஊர் உள்ளது. ஜொகூர்ப் பாலத்தைத் தாண்டிச் சென்று அந்நாட்டில் வேலை செய்யும் நம் பிள்ளைகள் இப்பெயரைச் சொல்லக் கேட்டிருப்பீர்கள். 'பெடோ' என்பது பெருமுரசைக் குறிக்கும் மலாய்ச் சொல். ஒலிபெருக்கி வருமுன் பள்ளிவாசல்களில் அம்முரசை முழக்கித் தொழுகைக்கு அழைப்பார்கள். அம்முரசின் பெயரே ஊருக்கு வந்தது என்று சொல்வதுண்டு.

இன்று பிடோக்கில் இரண்டரை இலட்சத்துக்கும் மேற்பட்ட மக்கள் வாழ்கிறார்கள். அவர்களுடைய பாட்டன் பாட்டிமாரில் பலருக்கு ஆங்கிலம் அயல்மொழி. பேரப்பிள்ளைகளுக்கோ அதுவே பள்ளிக்கூடத்தின் முதல்மொழி. இம்மாற்றம் எப்படி நிகழ்ந்தது? வானொலி, தொலைக்காட்சி, கணினி, இணையம், கைப்பேசி ஆகியவற்றுக்கு அதில் என்ன பங்கு? அந்த வரலாற்றிலிருந்து தோட்டத்துப் பிள்ளைகளுக்கு நாம் எடுத்துக்கொள்ள வேண்டியது என்ன? இவற்றையே இன்று காண்போம்.

முதலில் நம் பழைய நிலையை நினைத்துக்கொள்வோம். மலாயாவில் 1923ஆம் ஆண்டுத் தொழிலாளர் சட்டம், பள்ளி வயதுப் பிள்ளைகள் பத்துப் பேர் இருந்தால் தோட்டத்தில் ஒரு பள்ளி வைக்கவேண்டும் என்று முதலாளிமாரைப் பணித்தது. அப்பள்ளிகளில் தமிழ் எழுத்தும் கணக்கும் சொல்லிக் கொடுத்தார்கள். ஆங்கிலமோ துரையின் பங்களாவிலும் கிராணியின் அலுவலகத்திலும் இருந்தது. ஆங்கிலம் தெரிந்தவர் மேசைக்குப் பின்னால் அமர்ந்தார். தெரியாதவர் பால்வாளியைத் தூக்கினார். அறிவில் இருவருக்கும் வேறுபாடு இல்லை. மொழி எட்டியதா இல்லையா என்பதே வேறுபாடு. ஆகவே ஆங்கிலக் கல்வியைப் பற்றிப் பேசும்போது, அது யார் கைக்கு எட்டியது என்ற கேள்வியை நாம் ஒருபோதும் விட்டுவிடக் கூடாது.

பிடோக்கும் ஒரு காலத்தில் கம்பங்களின் ஊர்தான். கடலோரத்தில் மலாய் மீனவர்கள் இருந்தார்கள். உட்புறத்தில் சீனக் குடியானவர்கள் காய்கறி பயிரிட்டார்கள். 1966ஆம் ஆண்டில் கிழக்குக் கரையில் கடலைத் தூர்க்கும் வேலை தொடங்கியது. பிடோக் குன்றுகளை வெட்டி, அந்த மண்ணை ஓடும் வார்ப்பட்டைகளில் ஏற்றிக் கடலுக்குக் கொண்டுபோய்க் கொட்டினார்கள். குன்றிருந்த நிலத்தில் 1970களில் அடுக்குமாடி வீடுகள் எழுந்தன. அவ்வீடுகளுக்குக் குடிவந்தோர் ஹொக்கியன், தியோச்சூ, மலாய், தமிழ் எனப் பல மொழிகள் பேசியவர்கள். சமையற்கட்டில் ஆங்கிலம் பேசிய வீடுகள் மிகச் சில.

இத்தகைய வீட்டுப் பிள்ளைகளுக்கு ஆங்கிலத்தை எப்படிக் கற்பிப்பது? நல்ல உச்சரிப்போடு பேசும் ஆசிரியர்கள் போதவில்லை. ஆகவே கருவியின் துணையை நாடினார்கள். வானொலி வழியாக ஆங்கிலம் கற்பிக்கும் பணியைப் பி.பி.சி. நிறுவனம் 1943இலேயே தொடங்கியிருந்தது. போருக்குப் பின் ரேடியோ மலாயாவும் பள்ளிகளுக்கென்று பாடங்களை ஒலிபரப்பியது. சிங்கப்பூரில் தொலைக்காட்சி 1963இல் வந்தது. 1967இல் பள்ளிகளுக்கான கல்வித் தொலைக்காட்சி தொடங்கியது. ஒரு நல்ல ஆசிரியரின் குரலையும் முகத்தையும் ஒரே நேரத்தில் நூறு வகுப்பறைகளுக்குக் கொண்டுபோக முடிந்தது. அது சிறிய காரியமன்று.

ஆனால் வானொலிக்கும் தொலைக்காட்சிக்கும் ஒரு பெருங்குறை உண்டு. அவற்றுக்கு வாய் உண்டு, காது இல்லை. மொழி கற்பதற்குக் கேட்டல், பேசுதல், படித்தல், எழுதுதல் என்னும் நான்கு திறன்கள் வேண்டும் என்று ஆசிரியர் பயிற்சிக் கல்லூரியில் நாங்கள் பயின்றோம். வானொலி முதல் திறனைத் தருகிறது. பிள்ளை தப்பாகச் சொன்னால் அதைக் கேட்டுத் திருத்த வானொலிப் பெட்டியால் இயலுமா?

கருவிகள் வந்த பின்பும் சிக்கல் தீரவில்லை என்பதை 1979இல் வெளிவந்த கோ கெங் சுவீ அறிக்கை வெட்டவெளிச்சமாக்கியது. இரண்டு மொழிகளிலும் குறைந்த அளவுத் தேர்ச்சியேனும் பெற்ற மாணவர்கள் நூற்றுக்கு 40 பேர்கூட இல்லை என்று அது கூறியது. வீட்டில் ஒரு மொழி, பள்ளியில் வேறு இரண்டு மொழிகள் என்ற சுமையில் பிள்ளைகள் திணறினார்கள்.

அதன் பிறகு செய்த வேலைகளில் ஒன்று நம் கவனத்துக்கு உரியது. 1985இல் தொடக்கப்பள்ளிகளின் கீழ் வகுப்புகளில் ஒரு புதிய வாசிப்புத் திட்டத்தைத் தொடங்கினார்கள். அதன் முக்கியக் கருவி மின்சாரத்தில் ஓடுவதன்று. பெரிய எழுத்தும் பெரிய படமும் கொண்ட ஒரு பெரும் புத்தகம். ஆசிரியர் அதை வகுப்பின்முன் விரித்து வைப்பார். பிள்ளைகள் தரையில் கூடி உட்கார்ந்து அவரோடு சேர்ந்து வாசிப்பார்கள். பிறகு கதையைத் தம் சொற்களில் சொல்வார்கள். அதே 1985ஆம் ஆண்டில்தான் பிடோக்கில் பொது நூலகமும் திறக்கப்பட்டது. வீட்டில் புத்தகம் இல்லாத பிள்ளைக்கும் ஆங்கிலக் கதைப்புத்தகம் நடந்துபோகும் தூரத்தில் கிடைத்தது. 1987க்குள் அந்நாட்டுப் பள்ளிகள் அனைத்திலும் ஆங்கிலமே முதன்மைப் பயிற்றுமொழி ஆயிற்று.

கணினியும் இணையமும் வந்தது இந்த அடித்தளத்தின்மீதுதான். 1994இல் சிங்கப்பூரில் பொதுமக்களுக்கு இணையச் சேவை கிடைத்தது. 1997இல் கல்வியமைச்சு தகவல் தொழில்நுட்பப் பெருந்திட்டம் ஒன்றை அறிவித்தது. ஐந்தாண்டுகளுக்கு 200 கோடி வெள்ளி ஒதுக்கினார்கள். இரண்டு மாணவருக்கு ஒரு கணினி என்பதும், பாடநேரத்தில் நூற்றுக்கு 30 பங்கு கணினியின் துணையோடு நடக்கவேண்டும் என்பதும் இலக்கு. அத்தொகை பெட்டிகள் வாங்குவதற்கு மட்டும் அன்று. ஆசிரியர்களுக்குப் பயிற்சி தருவதும் அத்திட்டத்தின் ஒரு தூண்.

அவ்வாண்டுகளில் தமிழும் பின்தங்கி நிற்கவில்லை என்பது நாம் பெருமைப்படத்தக்க செய்தி. எழுத்தாளரும் ஆசிரியருமான நா. கோவிந்தசாமி, சிங்கப்பூரில் இருந்துகொண்டு தமிழ் எழுத்தை இணையத்தில் ஏற்ற உழைத்தார். 1995இல் நான்கு மொழிகளிலும் சிங்கப்பூர்க் கவிதைகள் இணையத்தில் ஏறியபோது தமிழ்க் கவிதைகளும் அவற்றுள் இருந்தன. 'இணையம்' என்ற சொல்லையே அவர் தந்ததாகப் போற்றுவர். ஆங்கிலத்தோடு வந்த கருவியைத் தமிழுக்கும் ஆள்வித்தவர் ஒரு தமிழாசிரியர்.

அடுத்து வந்தது கைப்பேசி. இதுவரை வந்த கருவிகளுக்கும் இதற்கும் உள்ள பெரிய வேறுபாடு, இதற்குக் காது உண்டு என்பதே. பிள்ளை ஆங்கிலப் பத்தி ஒன்றை வாய்விட்டுப் படித்துப் பதிவு செய்யலாம். அந்தக் குரலை ஆசிரியருக்கு அனுப்பலாம். நாற்பது பேர் முன்னிலையில் வாய் திறக்கக் கூச்சப்படும் பிள்ளை, யாருமில்லாத மூலையில் பத்துத் தடவை சொல்லிப் பார்த்துப் பதினோராவது தடவையை அனுப்பலாம். அயல்மொழி கற்பவருக்குக் கூச்சமே முதல் எதிரி. அதை வெல்ல இது ஒரு வழி.

விலையுயர்ந்த கைப்பேசிதான் வேண்டும் என்பதுமில்லை. 2009இல் வங்காளதேசத்தில் பி.பி.சி. 'ஜனாலா' என்ற திட்டத்தைத் தொடங்கியது. மூவாயிரம் என்ற எண்ணை எந்தச் சாதாரணக் கைப்பேசியிலிருந்தும் அழைத்தால் மூன்று நிமிட ஆங்கிலப் பாடம் ஒலிக்கும். அழைப்புக் கட்டணமும் குறைவு. சில மாதங்களிலேயே இலட்சக்கணக்கானோர் அழைத்தார்கள். சிங்கப்பூரின் கட்டடங்களை எழுப்பும் வெளிநாட்டுத் தொழிலாளருள் வங்காளதேசத்தாரும் தமிழகத்தாரும் ஏராளம். அங்கே 2013இல் சஸ்ஸாத் ஹுசைன் என்ற வங்காளதேசத்து இளைஞர் தொழிலாளருக்கு ஆங்கிலம் சொல்லிக்கொடுக்கத் தொடங்கினார். பதினொரு வயதில் ஆங்கிலம் அறியாமல் அந்நாட்டுக்கு வந்தவர் அவர். மேலாளரிடம் தன் குறையைச் சொல்லத் தெரியாத தொழிலாளிக்கும் மருத்துவரிடம் தன் நோவைச் சொல்லத் தெரியாத தொழிலாளிக்கும் ஆங்கிலம் அலங்காரமன்று, பாதுகாப்பு.

2020ஆம் ஆண்டில் கொரோனா நோய் பரவியபோது இந்த வரலாறு முழுவதும் சோதனைக்கு உள்ளாயிற்று. சிங்கப்பூரில் ஏப்ரல் 8ஆம் நாள் முதல் பிள்ளைகள் வீட்டிலிருந்தே படித்தார்கள். 2018 முதல் நாடெங்கும் பயன்பட்டுவந்த இணையக் கற்றல் தளம் அப்போது கைகொடுத்தது. ஆயினும் எல்லா வீட்டிலும் கணினி இல்லை என்பதை உணர்ந்த கல்வியமைச்சு, பன்னிரண்டாயிரத்துக்கும் மேற்பட்ட மடிக்கணினிகளையும் பலகைக் கணினிகளையும் இரவல் கொடுத்தது. உயர்நிலைப் பள்ளி மாணவர் ஒவ்வொருவருக்கும் சொந்தமாக ஒரு கருவி என்ற திட்டத்தையும் ஏழாண்டுகள் முன்னுக்கு இழுத்து 2021இலேயே நிறைவேற்றினார்கள்.

நம் நாட்டில் என்ன நடந்தது? 2012இல் பத்தாயிரம் பள்ளிகளை இலக்காகக் கொண்டு இணைய இணைப்பும் கற்றல் தளமும் தரும் பெருந்திட்டம் தொடங்கியது. தளத்தின் பயன்பாடு மிகக் குறைவு என்று தலைமைக் கணக்காய்வாளரின் அறிக்கை காட்டியது. 2019இல் அது முடிவுக்கு வந்தது. மறு ஆண்டில் பள்ளிகள் மூடப்பட்டபோது, சபாவில் ஒரு மாணவி இணையத் தொடர்பு கிடைக்காமல் மரத்தின்மேல் ஏறி அமர்ந்து தேர்வெழுதினார். 2021 பிப்ரவரியில் அரசாங்கம் கல்விக்கென்று ஒரு தொலைக்காட்சி அலைவரிசையைத் தொடங்கியது. இணையம் எட்டாத வீட்டுக்குப் பழைய கருவியே மீண்டும் துணைவந்தது. தோட்டத்து லயங்களில் ஒரே கைப்பேசியை அப்பா வேலைக்குக் கொண்டுபோக, மூன்று பிள்ளைகள் மாலைவரை காத்திருந்ததை நாம் யாவரும் அறிவோம்.

ஆகவே இவ்வரலாறு கூறுவது ஒன்றே. ஆங்கிலத்தைக் கற்பித்தது கருவியன்று. கருவியை எல்லாப் பிள்ளைகளின் கைக்கும் எட்டவைத்த ஏற்பாடு, அதன் அருகில் நின்ற ஆசிரியர், வாய்திறந்து பேசிப் பழகிய பிள்ளை, இம்மூன்றுமே கற்பித்தன. இதைச் சிங்கப்பூரே உணர்ந்திருக்கிறது. 2023 இறுதியில் மாணவரின் ஆங்கிலக் கட்டுரையில் எழுத்துப்பிழை, இலக்கணப்பிழைகளைச் சுட்டும் கருவியைத் தன் கற்றல் தளத்தில் சேர்த்த அதே நாடு, 2026 சனவரி முதல் உயர்நிலைப் பள்ளிகளில் பள்ளிநேரம் முழுவதும் மாணவர் தம் கைப்பேசியைப் பயன்படுத்தக் கூடாது என்று விதித்தது. படிப்புக்கான கருவி வேறு, பொழுதைத் தின்னும் கருவி வேறு என்று பிரித்து வைத்தது.

இன்னொரு பாடமும் உண்டு. 2010இல் சிங்கப்பூர்வாசிகளில் 32.3 விழுக்காட்டினர் வீட்டில் பெரும்பாலும் ஆங்கிலம் பேசினார்கள். 2020இல் அது 48.3 விழுக்காடாக உயர்ந்தது. தமிழை அவ்வாறு பேசுவோர் 2020இல் 2.5 விழுக்காட்டினரே. தமிழ்வழிக் கல்வி தந்த உமறுப் புலவர் தமிழ் உயர்நிலைப் பள்ளி 1982இல் மூடப்பட்டது. தமிழ் அங்கே ஆட்சிமொழிகளுள் ஒன்றுதான். பள்ளியில் பாடமாகவும் நிலைத்திருக்கிறது. ஆனால் வீட்டை விட்டு வெளியேறிய மொழியைப் பள்ளிக்கூடம் மட்டும் காப்பாற்றுவது கடினம். ஆங்கிலம் நம் வீட்டுக்குள் வரட்டும். அதற்காகத் தமிழ் எழுந்து இடம்விட வேண்டியதில்லை.

பெற்றோர்களே, உங்களால் செய்ய முடிந்தவை சில உண்டு. இரவில் அரைமணி நேரம் வீட்டுக் கைப்பேசியைப் பிள்ளையின் படிப்புக்கென்று ஒதுக்குங்கள். மூலையில் அன்று, நடுவீட்டில் உங்கள் கண்முன் வைத்துப் படிக்கச் சொல்லுங்கள். ஒரு பத்தியை ஆங்கிலத்தில் வாய்விட்டுப் படித்துப் பதிவு செய்யட்டும். பிறகு அதன் பொருளை உங்களிடம் தமிழில் சொல்லட்டும். உங்களுக்கு ஆங்கிலம் தெரியவேண்டிய தேவையே இல்லை. பொருள் தெளிவாக வருகிறதா என்று கேட்டால் போதும். பிள்ளை புரிந்துகொண்டதா என்பது அந்தத் தமிழிலேயே தெரிந்துவிடும்.

பெற்றோர் ஆசிரியர் சங்கக் கூட்டத்துக்குத் தவறாமல் வாருங்கள். நம் பள்ளிக்கு இணைய இணைப்பு எப்படி இருக்கிறது, இரவல் தரக் கருவிகள் எத்தனை உள்ளன, கைப்பேசி இல்லாத வீடுகள் எவை என்று கேளுங்கள். கேட்பது உங்கள் உரிமை. பதில் சொல்வது எங்கள் கடமை. லயத்தின் கடைசி வீட்டுப் பிள்ளையின் பெயர் அந்தக் கணக்கில் இருக்கிறதா என்பதை முதலில் பார்ப்போம்.