பாலைவனச் சிங்கம் பொருள் இழந்த வரலாறு

கோடிகளைக் கொட்டி எடுத்த திரைப்படம் வசூலில் வீழ்ந்தால், படம் நன்றாயில்லை என்று ஒரே சொல்லில் தீர்ப்பளித்துவிடுவது உலக வழக்கு. 1981ஆம் ஆண்டு ஆங்கிலத்தில் வெளிவந்த ‘பாலைவனச் சிங்கம்’ என்னும் படத்தின் வரவு செலவை நோக்குமிடத்து இத்தீர்ப்பு பொருந்தாதென்றே நாம் கருதுகிறோம்.

லிபியாவில் இத்தாலிய ஆதிக்கத்தை ஏறத்தாழ இருபதாண்டுகள் எதிர்த்து நின்று, 1931 செப்டம்பர் 16 அன்று தூக்கிலிடப்பட்ட உமர் முக்தாரின் வரலாறே அப்படம். அன்னார் குர்ஆன் ஓதிக் கொடுத்து வந்த ஆசிரியர். (ஓதிக் கொடுப்பதையே வாழ்வாகக் கொண்ட நம்மனோர்க்கு அவர்பால் தனிப் பற்று இருப்பதில் வியப்பென்ன?) ஹலப் நகரில் பிறந்து அமெரிக்காவில் திரைக்கலை பயின்ற முஸ்தபா அக்காத் அதனை இயக்கினார். 1976இல் ‘அர்-ரிஸாலா’வை அரபியிலும் ஆங்கிலத்திலும் தனித்தனியே படமாக்கியவரும் அவரே. உமர் முக்தாராக அந்தோணி குவின் நடித்தார். செலவு சுமார் 3 கோடியே 50 இலட்சம் டாலர். அத்தொகையை அளித்தது லிபிய அரசு. திரையரங்குகளில் வசூலானதோ அதில் பத்தில் ஒரு பங்கும் இல்லை.

காரணம் யாது? நுழைவுச் சீட்டு விற்ற பணத்தில் ஏறக்குறையப் பாதி திரையரங்கிலேயே தங்கிவிடும். விளம்பரச் செலவும் படச்சுருள் பிரதிகளின் செலவும் வேறு. ஆகவே, போட்ட முதலைப் போல் இரு மடங்குக்கு மேல் விற்றால்தான் முதலே திரும்பும். அத்துணைப் பெருந்தொகை எந்நாட்டிலிருந்து வரக்கூடும்? அமெரிக்காவில் படம் வந்த சில வாரங்களில், 1981 மே மாதம், அவ்வரசு வாஷிங்டனிலிருந்த லிபியத் தூதரகத்தை மூடச் செய்தது. ஆகஸ்டில் இரண்டு லிபிய விமானங்களைச் சுட்டு வீழ்த்தியது. லிபியப் பணத்தில் எடுத்த படத்துக்கு அங்கே என்ன வரவேற்பு இருந்திருக்கும்! இத்தாலியோ, தன் படையின் மானத்துக்கு இழுக்கென்று 1982இல் தடை விதித்தது. 2009இல் கடாபி ரோமுக்கு, உமர் முக்தாரின் படத்தை மார்பில் அணிந்து சென்றபோதுதான் அந்நாட்டுத் தொலைக்காட்சியில் அது காட்டப்பட்டது. சவூதி அரேபியாவில் 1980களின் தொடக்கம் முதல் 2018 வரை பொதுத் திரையரங்கே இல்லை. இவ்வரலாற்றைக் காண விழைந்த முஸ்லிம் குடும்பங்கள் பல, பின்னாளில் வீடியோ நாடாவில் கண்டன. அது திரையரங்கக் கணக்கில் ஏறுவதில்லை.

இவற்றுக்கெல்லாம் அடிப்படையான காரணம் ஒன்றுண்டு. வணிகன் முதல் போடுமுன் சந்தையை நிறுத்துப் பார்ப்பான். அரசின் பணம் அவ்வாறு நிறுத்துப் பார்ப்பதில்லை. அப்பணத்தால்தான் பாலைவனத்தில் பெரும் படைகளும் போர் ஊர்திகளும் திரண்டன. வணிகன் எவனும் அப்படத்துக்கு அவ்வளவு முதலீடு செய்திருக்க மாட்டான் என்பதும் உண்மையே. நட்டம் எழுதப்பட்டது படம் வெளிவந்த பிறகன்று. பணம் அளிக்கப்பட்ட நாளிலேயே என்போம்.

இதே அக்காத், 1978இல் ‘ஹாலோவீன்’ என்னும் திகில் படத்துக்குச் சுமார் 3 இலட்சத்து 25 ஆயிரம் டாலர் முதல் திரட்டினார். முகமூடி அணிந்த கொலைகாரன் ஒருவனின் கதை. உலகெங்கும் அது ஏறத்தாழ 7 கோடி டாலர் ஈட்டியது. ஸலாஹுத்தீன் ஐயூபியின் வரலாற்றைப் படமாக்க அவர் பல்லாண்டுகள் முயன்றார், முதல் கிடைக்கவில்லை. 2005 நவம்பரில் அம்மான் நகர விடுதியில் நிகழ்ந்த குண்டுவெடிப்பில் காயமுற்று, இரு நாள் கழித்து இறந்தார். அவர் மகளும் அதில் மாண்டார். ஹாலோவீன் வரிசையில் 2018, 2021, 2022 ஆகிய ஆண்டுகளிலும் புதிய படங்கள் வெளிவந்தன.