மார்ச் முதல் மே வரை மலைநடை: ஆல்ப்ஸா, இமயமா, சஹ்யாத்ரியா? புனே நண்பர் குழுக்களுக்கு ஒரு கணக்கு

ஹோலி முடிந்த வாரம். ஹிஞ்சவடியிலும் கராடியிலும் வேலை பார்க்கும் பத்துப் பன்னிரண்டு பேர் இருக்கிற வாட்ஸ்அப் குரூப்பில் யாரோ ஒரு படத்தைப் போடுகிறார். பச்சைப் புல்வெளி, மஞ்சள் பூக்கள், பின்னால் பனி மூடிய சிகரம். "மே 1 மகாராஷ்டிர தினம் லீவு, கூட நாலு நாள் சேர்த்துப் போட்டா போயிட்டு வந்துடலாம்ல?" அஞ்சு நிமிஷத்தில் எட்டு தம்ஸ்-அப்.

அந்தப் படம் பெரும்பாலும் ஜூலையில் எடுத்தது. நீங்கள் போகப் போவது ஏப்ரல் கடைசியில். இந்த மூன்று மாத வித்தியாசத்தில்தான் பணமும் லீவும் வீணாகிறது. சில சமயம் உயிரும் போகிறது. அதனால் "எந்த மலை?" என்ற கேள்விக்கு முன்னால் "நாம் போகும் மாதத்தில் அந்த மலை எப்படி இருக்கும்?" என்று கேளுங்கள்.

நம் கணக்கில் இளவேனில் என்பது சித்திரையும் வைகாசியும். பெயரில்தான் இளசு, வெயிலில் இல்லை. ஐரோப்பாவின் வசந்தம் வேறு. அங்கேயும் மலை அடிவாரத்துக்கு வசந்தம் வந்துவிட்டால் உச்சிக்கும் வந்துவிட்டது என்று அர்த்தமில்லை.

ஆல்ப்ஸில் ஏப்ரல் என்றால் என்ன?

ஆயிரம் மீட்டர் ஏறினால் வெப்பநிலை சராசரியாக ஆறரை டிகிரி குறையும். கீழே ஊரில் 15 டிகிரி இதமாக இருக்கும்போது 2,500 மீட்டர் கணவாயில் பூஜ்யத்தை ஒட்டி நிற்கும். குளிர்காலம் முழுக்க விழுந்த பனி அங்கே கரையவே ஆரம்பித்திருக்காது.

பிரான்ஸ், இத்தாலி, சுவிட்சர்லாந்து மூன்று நாடுகளைச் சுற்றிவரும் 'டூர் து மான் பிளாங்க்' பாதையை எடுத்துக்கொள்ளுங்கள். சுமார் 170 கிலோமீட்டர். மொத்த ஏற்றத்தைக் கூட்டினால் ஏறக்குறைய 10,000 மீட்டர். இதன் நடைக்காலம் ஜூன் நடுவிலிருந்து செப்டம்பர் நடு வரை. வழியில் இருக்கும் மலைத்தங்கல்கள் பெரும்பாலும் அந்தச் சமயத்தில்தான் திறந்திருக்கும். இத்தாலியின் டோலமைட்ஸிலும் ஏறக்குறைய இதே கதைதான்.

இன்னொன்று, ஏப்ரல், மே மாதங்கள் ஆல்ப்ஸ் ஊர்களுக்கு 'இடைக்காலம்'. பனிச்சறுக்குக் கூட்டம் போய்விட்டது, கோடைக் கூட்டம் வரவில்லை. பல கேபிள் கார்களைப் பராமரிப்புக்காக நிறுத்தி வைப்பார்கள், பல விடுதிகள் பூட்டியிருக்கும். 'ஆஃப் சீசன், சீப்பா கிடைக்குது' என்று நண்பர் சொன்னால், ஏன் சீப்பாகக் கிடைக்கிறது என்று கேளுங்கள். வெயில் ஏற ஏற ஈரப்பனி சரியும் ஆபத்தும் வசந்தத்தில் உண்டு. பனியில் நடந்து பழக்கமில்லாத குழு அதற்குள் கால் வைக்கவே கூடாது.

அப்போ ஐரோப்பாவே வேண்டாமா?

வேண்டும்தான், ஆனால் தெற்கே போங்கள், உயரத்தைக் குறையுங்கள். இந்த மாதங்களில் ஐரோப்பாவில் நடக்கத் தோதான மலைகள் மத்தியதரைக்கடலை ஒட்டியும் அட்லாண்டிக் தீவுகளிலும் இருக்கின்றன.

என் முதல் பரிந்துரை ஸ்பெயினின் மல்லோர்கா தீவு. அங்கே இருக்கும் டிரமுண்டானா மலைத்தொடரை 2011இல் யுனெஸ்கோ உலக மரபிடமாக அறிவித்தது. கல்சுவர் எழுப்பிய படிநிலத் தோட்டங்கள், ஆலிவ் மரங்கள், நடுநடுவே ஊர்கள். ஏப்ரலில் பகல் வெப்பநிலை 20 டிகிரியை ஒட்டி இருக்கும். தொடரின் உச்சி சுமார் 1,440 மீட்டர்தான். நம்ம தோரணா கோட்டை 1,403 மீட்டர். வார இறுதியில் தோரணா ஏறி இறங்குகிறவர்களுக்கு இங்கே உயரம் ஒரு பிரச்சினையாக இருக்காது.

போர்ச்சுகலின் மதீரா தீவில் 'லெவாடா' என்ற பழைய பாசன வாய்க்கால்களின் கரையிலேயே நடக்கலாம். வாய்க்கால் வரப்பு மாதிரிதான். நீர் ஓடும் வாட்டத்தில் போவதால் பல இடங்களில் ஏற்றமே தெரியாது. ஆனால் ஒரு பக்கம் பள்ளம் இருக்கும், தலைசுற்றல் உள்ளவர்கள் யோசிக்க வேண்டும். இத்தாலியில் அமால்ஃபி கடற்கரைக்கு மேலே போகும் 'கடவுளர் பாதை' ஒரே நாளில் முடிந்துவிடும். கிரேக்கத்தின் க்ரீட் தீவிலுள்ள சமாரியா பள்ளத்தாக்கு, 16 கிலோமீட்டர், அருமையான இடம். ஆனால் வழக்கமாக மே மாதத்தில்தான் திறப்பார்கள். ஏப்ரலில் போய் கேட்டில் நின்று செல்ஃபி எடுத்துக்கொண்டு திரும்ப வேண்டியிருக்கும்.

உயரம் குறைவு என்பதாலேயே சுலபம் என்றும் நினைத்துவிடாதீர்கள். ஸ்காட்லாந்தின் பென் நெவிஸ் 1,345 மீட்டர், தோரணாவைவிடக் குட்டை. ஆனால் வசந்தத்திலும் அதன் உச்சியில் பனி கிடக்கும். அதற்கு ஷெங்கன் விசாவும் செல்லாது, பிரிட்டன் விசா தனி.

விசா என்று வந்தால், பத்துப் பேர் சேர்ந்து போனாலும் விண்ணப்பம் தனித்தனி, முடிவும் தனித்தனி. ஒன்பது பேருக்குக் கிடைத்து ஒருவருக்கு மறுக்கப்படலாம். அப்போது என்ன செய்வது என்பதை டிக்கெட் போடும் முன்பே பேசிவிடுங்கள், பிறகு பேசினால் நட்பு கெடும். ஷெங்கன் கட்டணம் 2024 ஜூன் முதல் பெரியவர்களுக்கு 90 யூரோ. மறுத்தாலும் பணம் திரும்பாது. பயணத்துக்கு ஆறு மாதத்துக்கு முன்பிருந்து விண்ணப்பிக்கலாம், கடைசி வரம்பு 15 நாள். குறைந்தது 30,000 யூரோ மருத்துவக் காப்பீடு கட்டாயம். மலைநடை அந்தக் காப்பீட்டில் அடங்குமா, எத்தனை மீட்டர் உயரம் வரை அடங்கும் என்பதைப் பாலிசியின் பொடி எழுத்தில் தேடிப் பாருங்கள். எந்த நாட்டில் அதிக இரவு தங்குகிறீர்களோ அந்த நாட்டிடம்தான் விண்ணப்பிக்க வேண்டும். மார்ச் பாதியில் யோசித்து ஏப்ரல் கடைசியில் பறப்பது நடக்காத காரியம் இல்லை, ஆனால் அதை நம்பி ரீஃபண்ட் இல்லாத டிக்கெட் போடாதீர்கள்.

பக்கத்தில் இருக்கும் மலையை மறந்துவிட்டோமே

விசா வேண்டாம், லீவும் வேண்டாம். புனேயைச் சுற்றி சிங்கட், ராஜ்கட், தோரணா, லோஹகட். கொஞ்சம் தள்ளி ஹரிஷ்சந்திரகட். மகாராஷ்டிராவின் மிக உயரமான சிகரம் கல்சுபாய், 1,646 மீட்டர். 2025 ஜூலையில் யுனெஸ்கோ பட்டியலில் சேர்ந்த மராட்டியர் கோட்டைகள் 12. அதில் ராஜ்கட்டும் லோஹகட்டும் இருக்கின்றன, கூடவே நம்ம செஞ்சிக் கோட்டையும். ஊர் ஏக்கம் வந்தால் இதையும் ஒரு சாக்காக வைத்துக்கொள்ளலாம்.

ஆனால் மாதக் கணக்கு இங்கேயும் உண்டு. இன்ஸ்டாகிராமில் நீங்கள் பார்க்கும் சஹ்யாத்ரி, ஜூன் முதல் செப்டம்பர் வரையிலான மழைக்கால சஹ்யாத்ரி. மார்ச்சுக்குள் அந்தப் பச்சை எல்லாம் காய்ந்து வைக்கோல் நிறமாகிவிடும். மரங்கள் இலை உதிர்த்திருக்கும், நிழல் கிடைக்காது. கருங்கல் பாறை காலை பத்து மணிக்கே சுட ஆரம்பிக்கும். புனே நகரிலேயே ஏப்ரலில் வெயில் 40 டிகிரியை எட்டிப் பார்க்கும்.

ஒரு ஏப்ரலில் பதினான்கு பேராக ராஜ்கட் ஏறினோம். காலை ஐந்துக்குக் கிளம்புவதாகப் பேச்சு, கிளம்பியது ஏழரைக்கு. ஆளுக்கு இரண்டு லிட்டர் தண்ணீர். பத்தரை மணிக்கு என் பாட்டில் காலி. பதினொன்றுக்கு ஒரு நண்பர் பேச்சைப் பாதியில் நிறுத்திவிட்டு உட்கார்ந்தார், கை நடுங்கியது. கோட்டைவாசலில் ஒரு அக்கா விற்ற மோரும் எலுமிச்சை சர்பத்தும்தான் அன்றைக்குக் காப்பாற்றின. பிறகு கணக்குப் போட்டேன். வெயிலில் நடந்தால் மணிக்குக் குறைந்தது அரை லிட்டர். ஆறு மணி நேரத்துக்கு மூன்று லிட்டர். பதினான்கு பேருக்கு 42 லிட்டர். நாங்கள் சுமந்தது 28.

வெயிலைவிடப் பெரிய ஆபத்து தீ. இதைத் தமிழர்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. 2018 மார்ச் 11, ஞாயிற்றுக்கிழமை. தேனி மாவட்டம் குரங்கணி மலையில் சென்னையிலிருந்தும் கொங்குப் பகுதியிலிருந்தும் வந்த இரண்டு மலையேற்றக் குழுக்கள் காட்டுத்தீயில் சிக்கின. 23 பேர் இறந்தார்கள். பலர் உங்கள் வயதுக்காரர்கள், உங்களைப் போலவே வார இறுதிக்கு வந்தவர்கள். காய்ந்த புல், மேல்நோக்கிய சரிவு, காற்று. சரிவு பத்து டிகிரி கூடினால் தீ பரவும் வேகம் ஏறக்குறைய இரண்டு மடங்காகும் என்பது தீயணைப்பில் சொல்லப்படும் விதி. அதனால் மேலே ஓடித் தப்பிப்பது பெரும்பாலும் நடக்காது.

தமிழ்நாடு அரசு 2024 அக்டோபரில் 40 பாதைகளோடு தொடங்கிய 'ட்ரெக் தமிழ்நாடு' திட்டம், 2025இல் பிப்ரவரி 15 முதல் ஏப்ரல் 15 வரை மலையேற்றத்தை நிறுத்தி வைத்ததற்கும் தீக்காலம்தான் காரணம். சித்திரைக்கு ஊருக்குப் போகும்போது மேகமலை, குரங்கணி என்று திட்டம் போடுபவர்கள் முதலில் அந்த வருடத் தடையைப் பாருங்கள். சஹ்யாத்ரியிலும் இந்த மாதங்களில் புல் பற்றி எரிவது புதிதல்ல. பாறை முகட்டில் தொங்கும் பெரிய தேனடைகளும் இருக்கும். சென்ட், புகை, ஸ்பீக்கர் சத்தம் எதுவும் அங்கே வேண்டாம்.

அப்படியானால் மார்ச்சில் இங்கே நடக்கவே முடியாதா என்றால், முடியும், ஆனால் இரவில். கல்சுபாயில் டார்ச்சோடு ஏறி உச்சியில் சூரிய உதயம் பார்த்துவிட்டு, வெயில் ஏறும் முன் பாரி கிராமத்துக்கு இறங்கி வருவது பழைய வழக்கம். முதல் தடவை வருபவர்களுக்கு சிங்கட் போதும். விடியலுக்கு முன் ஏறி, மேலே பிட்லா பாக்ரியும் மண்சட்டித் தயிரும் சாப்பிட்டு, ஒன்பதரைக்குள் கீழே வந்துவிடுங்கள்.

நடுவில் ஒரு வழி: இமயம்

நாலைந்து நாள் லீவு கிடைத்தால் என் ஓட்டு இதற்குத்தான். மார்ச், ஏப்ரலில் உத்தராகண்டின் நடுத்தர உயரங்களில் 'புராஞ்ச்' பூக்கும். நீலகிரியில் காட்டுப் பூவரசு என்கிறோமே, அதே இனம். நாக் டிப்பா சுமார் 3,000 மீட்டர், இரண்டு நாளில் முடியும். துங்கநாத் கோயில் வழியாகப் போகும் சந்திரசிலா இன்னும் உயரம், மார்ச்சில் அங்கே நல்ல பனி இருக்கும். கிழக்கே மேற்கு வங்கத்தின் சந்தக்பூ, 3,636 மீட்டர். ஏப்ரலில் பூவும் கிடைக்கும், வானம் தெளிந்தால் காஞ்சன்ஜங்காவும் எவரெஸ்டும் தெரியும்.

இங்கே கவனிக்க வேண்டியது உயரம். 3,000 மீட்டருக்கு மேல் போனால், ஒரு இரவு தூங்கும் இடத்துக்கும் அடுத்த இரவு தூங்கும் இடத்துக்கும் இடையே 500 மீட்டருக்கு மேல் ஏறாமல் பார்த்துக்கொள்ளச் சொல்கிறது மருத்துவ வழிகாட்டுதல். ஜிம்மில் எவ்வளவு தூக்குகிறீர்கள் என்பது இதற்குச் சம்பந்தமே இல்லை. வானிலையும் அப்படித்தான். 2024 ஜூன் தொடக்கத்தில் உத்தராகண்டின் சஹஸ்த்ரதால் பாதையில் பனிக்காற்றில் சிக்கிய 22 பேர் குழுவில் ஒன்பது பேர் இறந்தார்கள். பெரும்பாலானோர் கர்நாடகாவிலிருந்து போனவர்கள்.

குரூப்பில் வாக்கெடுப்புக்கு முன்னால்

ஸ்காட்லாந்துக்காரர் வில்லியம் நெய்ஸ்மித் 1892இல் ஒரு சூத்திரம் சொன்னார். ஐந்து கிலோமீட்டருக்கு ஒரு மணி நேரம், அதோடு ஒவ்வொரு 600 மீட்டர் ஏற்றத்துக்கும் இன்னொரு மணி நேரம். கல்சுபாயின் ஏற்றம் சுமார் 800 மீட்டர். ஆக, தூரத்துக்கான நேரத்தோடு ஏற்றத்துக்கு மட்டுமே ஒரு மணி இருபது நிமிடத்தைக் கூட்ட வேண்டும். இது நன்றாக நடக்கிற ஒருவருக்கான கணக்கு. பன்னிரண்டு பேருக்கு நான் ஒன்றரையால் பெருக்குவேன். ஷூ லேஸ், போட்டோ, "ஒரு நிமிஷம் மச்சி" எல்லாம் அதில் அடக்கம். வேகத்தை முடிவு செய்பவர் கடைசியில் வருபவர்தான், அவரை முன்னால் நடக்க விடுங்கள்.

வாக்கெடுப்பில் இடத்தின் பெயருக்கு முன் மாதத்தைப் போடுங்கள். மார்ச் என்றால் சிங்கட்டும் இரவுக் கல்சுபாயும். ஏப்ரல் என்றால் நாக் டிப்பா அல்லது சந்தக்பூ. ஐரோப்பாதான் வேண்டும் என்று குரூப் பிடிவாதமாக இருந்தால் அடுத்த ஏப்ரலுக்கு மல்லோர்கா. அதற்கு விசா விண்ணப்பம் அக்டோபர் கடைசியிலிருந்தே போடலாம். ஆல்ப்ஸ் படத்தைப் போட்ட நண்பரிடம் மட்டும், அப்ரைசல் முடிந்ததும் ஜூலைக்கு லீவு கேட்டு வைக்கச் சொல்லுங்கள்.